படிக்கட்டு தாண்டாத ரொட்டி

எனக்கு இரத்தத்தில் இரும்பு போதாது என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாடி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவேன். வாயில் புண் வரும், போகும், மறுபடி வரும். இரும்புச்சத்து மாத்திரை டப்பா டப்பாவாகப் போட்டும் இரும்பின் அளவு ஏறவில்லை.

"ஒழுங்கா சாப்பிட்டாத்தானே" என்பாள் அம்மா.

ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். காலையில் நான்கு துண்டு ரொட்டி, மாலையில் பிஸ்கட், இரவில் பாதி நாள் நூடுல்ஸ். தப்பே அங்கேதான் என்று தெரிவதற்குள் எனக்கு இருபத்துமூன்று வயதாகி, வேதியியலில் பட்டமும் வாங்கியிருந்தேன்.

குடல் மருத்துவர் ஒரு பெண்மணி. என் குடலுக்குள் குழாய் விட்டு எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். அப்பாவும் அம்மாவும் என் இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"குடலோட உள்பக்கம் புது டவல் மாதிரி இருக்கணும். நூல் நூலா நீட்டிக்கிட்டு. அப்பத்தான் சத்தை உறிஞ்சும்" என்றார். "இவங்களோடது பத்து வருஷம் துவைச்ச டவல். வழுவழுன்னு ஆயிடுச்சு."

அம்மா தையல்காரி. துணி என்றதும் அவளுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. "நூல் திரும்ப வருமா டாக்டர்?"

"வரும். இதுக்குப் பேரு சீலியாக். கோதுமை, பார்லி, ரை இந்த மூணுலயும் குளூட்டன்னு ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்தா இவங்க உடம்பு சண்டைக்குப் போகுது. குளூட்டனை நிறுத்திட்டா சண்டையும் நின்னுடும். நூலும் வளரும்."

"எத்தனை நாளைக்கு நிறுத்தணும்?"

"ஆயுசுக்கும்."

அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கொஞ்சமா, எப்பவாவது ஒருநாள்?"

"ஒரு துணுக்கு கூடாதுங்க. பிரெட் வெட்டின கத்தியால தக்காளி வெட்டினாலே போதும்."

இரத்தத்தில் அந்தச் சண்டையின் அளவுக்கு ஓர் எண் உண்டு. பத்துக்குள் இருக்க வேண்டும். என்னுடையது நூற்றுத்தொண்ணூறு. என்னிடம் ஏழெட்டுக் கேள்விகள் இருந்தன. ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. வகுப்பிலும் அப்படித்தான். விடை தெரிந்திருக்கும். வேறு யாராவது சொல்லும்வரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

வெளியே வந்ததும் அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஓய்வுபெற்ற இரண்டு வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அப்பா பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தொரு வருடம் இருந்தவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே செக்கர்தான். ஓய்வுக்குப் பிறகு செய்தித்தாளை மூன்று முறை படித்தார். பிறகு பால்கனியில் நின்று போகிற பேருந்துகளைப் பார்த்தார்.

"அந்த வண்டியில ரெண்டு பேரு டிக்கெட் எடுக்கலை" என்பார்.

"எப்படித் தெரியும்?" என்பாள் அம்மா, மெஷினிலிருந்து தலை தூக்காமல்.

"உட்கார்ந்திருக்கிற தினுசு."

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அவருக்கு மறுபடி டூட்டி கிடைத்துவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அலமாரியில் இருந்த ஒவ்வொரு பொட்டலத்தின் முதுகையும் படித்தார். சூப் கட்டியைப் பிடித்தார். சோயா சாஸைப் பிடித்தார். மால்ட் என்ற சொல்லை மூன்று டப்பாக்களில் கண்டுபிடித்து, அது பார்லிதான் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"பேரை மாத்திக்கிட்டுப் பயணம் பண்றான். இறக்கு" என்றார்.

கடையிலும் இதேதான். அவர் முன்னால் போவார். மூன்றடி பின்னால் நான். "இதுல கோதுமை இருக்கா? எழுதலைன்னா இல்லைன்னு அர்த்தமா? எங்க பாப்பாவுக்கு ஆகாது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். நான் காது சூடாக, சோப்புகளின் விலையைப் படித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் ஒன்று. எனக்காகக் கேட்க ஒருவர் இருந்ததால், நான் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

வீட்டுக்குச் சட்டம் வந்தது. கோதுமை எந்த வேஷத்தில் வந்தாலும் செருப்பு அலமாரியைத் தாண்டக் கூடாது. அம்மா புது வாணலி, புதுச் சல்லடை, புது வெட்டுப்பலகை வாங்கினாள். டோஸ்டர் கீழ்வீட்டுக்குப் போனது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் கயிறுகளோடு இருப்பவன். அவனுக்கு ரொட்டி இல்லாமல் ஆகாது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. வாசலுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு அனுமதி கிடைத்தது. சாப்பிட்டு முடித்ததும் கை கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை உதற வேண்டும். வாசலில் அப்பா பையைத் திறந்து பார்ப்பார்.

"பாக்கெட்டைத் திருப்பு."

"ஸ்க்ரூ இருக்குப்பா."

"ஸ்க்ரூவுக்கு அடியில?"

"இன்னொரு ஸ்க்ரூ."

இரண்டாவது வாரம் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றான். அவன் என்னைக் கூப்பிடுவது மூலக்கூறு என்று. "ஏய் மூலக்கூறு, படியில உட்கார்ந்து பன் தின்னுட்டிருந்தேன். மூணாவது மாடி அம்மா பாவம்னு ரெண்டு காசு போட்டுட்டுப் போறாங்க. உன்னால எனக்கு ஒரு வருமானம்."

எனக்கு ரொட்டி ஞாபகமாகவே இருந்தது. அரிசி மாவில் ஒன்று செய்து பார்த்தேன். புத்தகத்தில் இருந்த அளவுதான், கிராம் பிசகாமல். வெந்து வந்ததை அண்ணன் விரலால் தட்டிப் பார்த்தான். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். "லிஃப்ட்டுக்கு எதிர்எடை ஒண்ணு குறையுது. தர்றியா?" என்றான். நான்காவது முயற்சியில் அது கத்திக்கு வளைந்துகொடுத்தது. ஆறாவதை அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மூன்றாம் மாதம் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். எழுபத்துநான்கு. அப்பா அந்தத் தாளை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். எனக்கு முடி கொட்டுவது நின்றிருந்தது. இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறினேன்.

அடுத்த மாதம் வேலைக் கடிதம் வந்தது. ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு நீர்த்தேக்கம். அதன் கரையில் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம். தங்க அறை, பொது உணவுக்கூடம், சுற்றிலும் தண்ணீர். அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். சேர்வதற்கு மூன்று மாதம் கொடுத்திருந்தார்கள்.

"நம்பர் அம்பதுக்குக் கீழ வரட்டும். அப்புறம் பெட்டி கட்டு" என்றாள் அம்மா.

"வந்துடும்மா."

"வந்தாலும் எனக்கு யோசனைதான். அங்க யாருடி உனக்காகப் பேசுவா? விருந்துக்குப் போனா தண்ணி கேக்கவே அரை மணி நேரம் ஆகும் உனக்கு. இதுல கோதுமை போட்டிருக்கான்னு அடுப்படியில போய்க் கேப்பியா நீ?"

கேட்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவே வரவில்லை. அம்மா தலையை ஆட்டிவிட்டு மெஷினை மிதித்தாள்.

ஆறாம் மாத முடிவு வந்தது. தொண்ணூற்றெட்டு.

மருத்துவர் தாளை இரண்டு முறை பார்த்தார். "வெளியில எங்கேயாவது சாப்பிடறீங்களா?"

"இல்லை."

"ஃப்ரெண்ட்ஸோட? ஒரு கேக், ஒரு பன்?"

"இல்லை டாக்டர்."

"நம்பர் தானா ஏறாதும்மா. எங்கேயோ உள்ள போகுது."

அப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது. முதல் குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அண்ணனின் வேலை உடுப்பு மேல்பாக்கெட்டில், திருப்புளிக்குப் பக்கத்தில், மூன்று ரொட்டித்துகள்கள் கிடைத்தன. அப்பா அதை வெள்ளைத்தாளில் கொட்டி அம்மாவிடம் காட்டினார்.

"படிக்கட்டு கூட வேண்டாம். இனி கீழ, கட்டடத்துக்கு வெளியே" என்றார்.

"மழை பெய்ஞ்சா?" என்றான் அண்ணன்.

"குடை இருக்கு."

அண்ணன் வேடிக்கையாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் என்னிடம் வந்து, தணிந்த குரலில் கேட்டான். "நிஜமாவே என்னாலயா?"

"தெரியலை" என்றேன். அது உண்மைதான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. மறுநாளிலிருந்து அவன் கீழே, சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டான். மூலக்கூறு என்று கூப்பிடுவதும் நின்றது.

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்பாகத்தான் பேசினார். "பாப்பா, இங்க நான் ஒருத்தன் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காவல் காக்கறேன். அப்படியும் ஏறுது. அங்க தனியா என்ன பண்ணுவே? அந்த வேலை வேண்டாம்னு எழுதிடு."

"ரெண்டு வாரம் குடுங்கப்பா" என்றேன்.

"எதுக்கு?"

"பார்க்கணும்."

நான் அட்டவணை போட்டேன். வேறெதுவும் எனக்குத் தெரியாது. மேலிருந்து கீழே நாட்கள். குறுக்கே நான் வாயில் போட்ட எல்லாம், உப்பு உட்பட. கடைசிக் கட்டத்தில் வயிறு எப்படி, வாய்ப்புண் எத்தனை. யார் வீட்டில் இருந்தார், யார் இல்லை என்பதையும் ஓரத்தில் எழுதினேன். அது அவசியம் என்று நினைத்து எழுதவில்லை. ஓரத்தில் இடம் இருந்தது.

நடுவில் மூன்று நாள் அப்பா ஊரில் இல்லை. கூட வேலைபார்த்த நண்பருக்கு முழங்கால் அறுவைச்சிகிச்சை. துணைக்குப் போயிருந்தார். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் புதுசா எதையும் பிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று நாளும் மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வயிறு அமைதியாக இருந்தது. அண்ணன் மூன்று நாளும் வீட்டில்தான் இருந்தான், வழக்கம்போல் கீழே நின்று பன் சாப்பிட்டான். அப்பா திரும்பி வந்த மறுநாள் எனக்கு வயிறு உப்பியது. நாக்கின் ஓரத்தில் புதிதாக ஒரு புண்.

அட்டவணையை மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். எப்படிப் படித்தாலும் அது ஒன்றையேதான் சொன்னது. எல்லோரையும் சந்தேகித்திருந்தேன், செக்கரைத் தவிர. ஓரத்தில் இருந்த அவரை எந்தக் கட்டத்திலும் போடத் தோன்றவே இல்லை.

ஆனால் அவர் எப்படி? அவர் தட்டு வேறு, என் தட்டு வேறு. நாங்கள் இருவரும் தொடுகிற பொதுவான பொருட்களை எழுதினேன். உப்பு, சர்க்கரை, பால். இவை எதிலும் மாவு இருக்க வழியில்லை. மாவு இருந்தால் அயோடின் காட்டிக்கொடுத்துவிடும், கருநீலமாகி. எந்த மாவு என்று அது சொல்லாது. பரவாயில்லை, சர்க்கரைக்குள் அரிசிக்கும் வேலையில்லை.

அம்மாவின் தையல் பெட்டியில், ஊசி குத்தினால் போட ஓர் அயோடின் புட்டி இருந்தது. மத்தியானம், அம்மா முன்னறையில் மெஷினோடு இருந்த நேரத்தில், சமையல் மேடையில் மூன்று கிண்ணம் வைத்தேன். உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விட்டேன். வெளிர் பழுப்பு. பால், ஒன்றுமில்லை. சர்க்கரை கரைந்தது. அடியில் மண் மாதிரி கொஞ்சம் தங்கியது. சொட்டு விட்டேன். அந்த மண் ஒவ்வொரு துகளாக மைபோலக் கறுத்தது.

புது சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அதிலும் செய்தேன். சுத்தமாக இருந்தது. டப்பாவில்தான். அப்பா ஊருக்குக் கிளம்பிய அன்றுதான் அம்மா அந்த டப்பாவைக் கழுவி நிரப்பியிருந்தாள்; அந்த மூன்று நாள் அமைதிக்கும் அதுதான் காரணம்.

கிண்ணங்களைக் கழுவிவைத்துவிட்டு என் அறையில் போய் உட்கார்ந்தேன். கண்டுபிடித்தவளுக்கு வரவேண்டிய சந்தோஷம் வரவில்லை. இதை ஒருவரிடம் சொல்ல வேண்டும், அதுவும் அப்பாவிடம். இதற்குப் பேசாமல் வேலை வேண்டாமென்று எழுதிவிடலாம் போலக்கூட இருந்தது. கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது.

அப்பா விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவார். முதல் வண்டிக்குப் போன பழக்கம். தானே டீ போட்டுக் குடிப்பார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் எழுந்ததில்லை. மறுநாள் நான் எழுந்தேன்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய பழைய தோல் பை, டூட்டிக்குக் கொண்டுபோன பை. இந்த வீட்டில் யாரும் ஒருபோதும் திறந்து பார்க்காத ஒரே பை அதுதான். கையில் பிஸ்கட். டீயில் நனைத்தார். பாதி ஒடிந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் பொறுமையாகத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்து, இனிப்பு போதாதென்று அதே கரண்டியைச் சர்க்கரை டப்பாவுக்குள் விட்டார்.

"அப்பா."

அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது.

"இன்னிக்குத்தான் பாப்பா" என்றார்.

நான் உள்ளே வந்தேன்.

"ராத்திரி சரியா சாப்பிடலை. தலை சுத்துச்சு."

மேடைக்குப் பக்கத்தில் போனேன்.

"இந்த பாக்கெட்டே என்னோடது இல்லை. ஒருத்தர் குடுத்தார், வேண்டாம்னு சொல்ல முடியலை."

முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் சொல்லி அவர் கேட்டது அத்தனையும் வரிசையாக வந்தது. பையில் இன்னும் இரண்டு பாக்கெட் தெரிந்தது. என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். பையை மூடினார்.

"சரி. தப்புதான். ஆனா என் கப்பு, என் வாய். உன் சாப்பாட்டுல ஒரு துளி படலை. படவிடுவேனா நான்?"

நான் கையை நீட்டிக் கரண்டியைக் காட்டினேன். அது சர்க்கரைக்குள் செங்குத்தாக நின்றது. அதன் கழுத்தில் ஈரமாக, பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

அவருக்கு உடனே புரிந்ததா என்று தெரியவில்லை. கிண்ணத்தையும் புட்டியையும் எடுத்துவந்தேன். கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்துச் சொட்டு விட்டேன். இருவரும் குனிந்து பார்த்தோம். கறுத்தது.

"இது கோதுமையா?"

"மாவு. சர்க்கரையில மாவு இருக்காதுப்பா."

அவர் வெகுநேரம் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துவந்து அதன் வழியாகவும் பார்த்தார்.

"மூணு மாசம் தாக்குப்பிடிச்சேன் பாப்பா. சத்தியமா. எழுபத்துநாலுன்னு ரிசல்ட் வந்துச்சே, அன்னிக்கு சந்தோஷத்துல ஒண்ணே ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கண்ணன்கிட்ட…"

"அவன் கீழ சைக்கிளுக்கு நடுவுல நின்னு சாப்பிடறான்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிண்ணத்தை மேடையில் வைத்தேன்.

"நான் அந்த வேலைக்குப் போறேன்."

"தனியா எப்படி…"

"தனியா இருந்தா சர்க்கரை டப்பாவை ஒருத்திதான் தொடுவா."

அவரிடம் அவ்வளவு பேசியது அதுவே முதல்முறை. டீ ஆறிப்போயிருந்தது. அவர் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். பிறகு கப்பை மூன்று முறை கழுவினார்.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பா சொல்லாவிட்டால் நான் சொல்வது என்று முடிவுசெய்து, முதல் வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். தேவைப்படவில்லை. அவர் எழுந்து நின்றார். காலரைத் தொட்டார், விட்டார்.

"நம்பர் ஏறினது அவனால இல்லை" என்றார், அண்ணனைப் பார்க்காமல். "என்னால." பிஸ்கட், கரண்டி, சர்க்கரை எல்லாவற்றையும் சொன்னார், தேதியோடு.

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "வேலியே பயிரை மேய்ஞ்ச கதையா இருக்கு. இதுல நேத்து என் ஊசி டப்பாவைத் திறந்து பார்த்தீங்களே, வெட்கமா இல்லை?"

"இருக்கு."

அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டான். "என்ன பிஸ்கட்?"

அப்பா தயங்கினார். "க்ரீம் வச்சது."

"நீங்க உட்கார்ந்து க்ரீம் பிஸ்கட். நான் நின்னுக்கிட்டு காய்ஞ்ச பன்." அவன் என் பக்கம் திரும்பினான். "பார்த்தியா மூலக்கூறு, இதான் நியாயம்."

சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார், உட்காரலாமா என்று கேட்பவர் மாதிரி.

அன்று மாலை சர்க்கரை முழுவதும் குப்பைக்குப் போனது. டப்பாவும் போனது. அண்ணன் படிக்கட்டுக்குத் திரும்பினான். ஆறு மணிக்கு வாசலுக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தேன். அப்பாவும் அவனும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிஸ்கட் பாக்கெட்.

"தள்ளி உட்காருங்க. மூணாவது மாடி அம்மா வர்ற வழி."

"அந்தம்மா எவ்வளவு போடுவாங்க?"

"ரெண்டு பேருன்னா கூடப் போடுவாங்க."

உள்ளே வரும்போது அண்ணன் வாசலில் கையை நீட்டி மறித்தான். "பையைத் திறங்க சார்." அப்பா திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. பாக்கெட்டையும் திருப்பிக் காட்டினார், யாரும் கேட்காமலேயே.

ஆய்வுக்கூடத்துக்கு நானே கடிதம் எழுதினேன், மருத்துவக் காரணத்துக்காக இரண்டு மாத அவகாசம் கேட்டு. கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்து இரத்தம் எடுத்தோம். நாற்பத்தாறு.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இறங்கியிருக்கே. என்ன மாத்தினீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

"டூட்டியில ஒரு ஆளை மாத்தினோம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியை இறக்கினாள். புதுச் சல்லடையையும் புது வாணலியையும் துணியில் சுற்றி அடியில் வைத்தாள். ஐம்பதுக்குக் கீழே என்று சொன்னது அவள்தான். சொன்ன சொல்லை மாற்றமாட்டாள். ஆனால் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டுக்கு அங்க யார்கிட்ட சொல்லணும்?" என்றாள்.

உணவுக்கூடப் பொறுப்பாளரின் எண் கடிதத்தின் கீழே இருந்தது. அப்பா போனை எடுத்தார். எண்களை அழுத்தத் தொடங்கினார். பாதியில் விரல் நின்றது. போனை என்னிடம் நீட்டினார்.

மணி அடித்தது. நான்கு முறை அடித்தது. எடுக்கமாட்டார்கள் என்று நம்ப ஆரம்பித்த நேரத்தில் எடுத்துவிட்டார்கள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"யாரு?" என்றது வயதான ஓர் ஆணின் குரல்.

"நான் ஆய்வுக்கூடத்துக்குப் புதுசா வர்றேன். திங்கட்கிழமை சேர்றேன்" என்றேன். "எனக்குச் சாப்பாட்டுல ஒரு விஷயம் இருக்குங்க."

"சத்தமா சொல்லும்மா. இங்க மிக்ஸி ஓடுது."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். அப்பா என் பக்கத்தில் நின்று உதட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கழுத்து நரம்பில் தெரிந்தது.

நான் சத்தமாகச் சொன்னேன். கோதுமை, பார்லி, ரை. மால்ட்டும் அதில் அடக்கம் என்று சொன்னேன். ஒரு துணுக்கு கூட ஆகாது, எனக்கென்று ஒரு வாணலியும் பலகையும் கொண்டுவருகிறேன், அவற்றில் வேறெதுவும் சமைக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

மிக்ஸி நின்றது.

"அவ்வளவுதானே" என்றார் அவர். "எங்க கணக்கருக்கு வெங்காயம் ஆகாது. டிரைவருக்குப் பால் ஆகாது. நீ ஒரு ஆளு கூட. வா, எழுதிக் குடு, அடுப்புக்கு மேல ஒட்டிக்கறேன்."

"இன்னொண்ணு இருக்குங்க."

"சொல்லு."

"எனக்குச் சர்க்கரை டப்பா தனியா வேணும்."

"சர்க்கரையில ஏதும்மா கோதுமை?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாக விளக்க ஆரம்பித்தேன்.